உண்ணிகளோடு ஆறு ஆண்டுகள்: சொட்டு மருந்து, கழுத்துப்பட்டை, மாத்திரை

எங்கள் நாய் செம்பி எட்டு மாதக் குட்டியாக இருந்தபோது, அவளுடைய காதுமடலின் உட்புறத்தில் தட்டுப்பட்ட சிறு முடிச்சை மரு என்று எண்ணி விட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது அது சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை அளவுக்கு உப்பியிருந்தது. (ஆமணக்கின் அறிவியல் பெயரில் வரும் ரிசினஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு உண்ணி என்றே பொருள், பெயர் வைத்தவர்களும் இதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.) அன்று முதல், எந்த மருந்தை எந்தத் தேதியில் பயன்படுத்தினேன், அதன்பின் எத்தனை உண்ணிகள் கையில் அகப்பட்டன என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறேன். அவளுக்கு இப்போது வயது 7.

முதலில் ஷாம்பு குளியலையும் வேப்பெண்ணெயையும் நம்பினேன். குளியல் அன்று உடலில் இருந்தவற்றைக் கொன்றது. அடுத்த வாரம் வந்தவற்றுக்கு அதனால் எந்தத் தடையும் இல்லை. வேப்பெண்ணெயை அவள் நக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். உணவில் பூண்டு சேர்த்தால் உண்ணி அண்டாது என்று சிலர் சொன்னதை, நல்லவேளையாக, முயன்று பார்க்கவில்லை. பூண்டு நாய்களின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது.

அடுத்து ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி அடங்கிய சொட்டு மருந்து. தோள்பட்டைகளுக்கு நடுவே, நாய் நக்க முடியாத இடத்தில், முடியை விலக்கித் தோலின் மீதே விட வேண்டிய மருந்து இது. தோலின் எண்ணெய்ப் பசையோடு பரவி, எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, அங்கிருந்து சிறிது சிறிதாக வெளிவருவதால்தான் ஒரே சொட்டு ஏறக்குறைய ஒரு மாதம் வேலை செய்கிறது. நானோ முதல் முறை முடியின் மேலேயே ஊற்றிவிட்டு மறுநாளே அவளைக் குளிப்பாட்டினேன்; மருந்தில் பாதி துண்டில் போயிருக்கும். மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியலைத் தவிர்க்கத் தொடங்கியபின் தெள்ளுப்பூச்சிகள் அடியோடு மறைந்தன. உண்ணிகள் குறைந்தன, ஆனால் நான்காவது வாரத்தில் எப்போதும் ஒன்றிரண்டு தலைகாட்டின. பூனையும் வளர்ப்பவர்கள் சொட்டு மருந்தின் உறையில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்; நாய்க்குப் பாதுகாப்பான அந்த அளவு பூனையைக் கொன்றுவிடும்.

மூன்றாம் ஆண்டில், ஒரு தவணை மருந்தைப் பத்து நாள் தள்ளிப்போட்டதன் விலையைக் கொடுத்தேன். ஒரு மாலையில் கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலான விரிசலில் டார்ச் அடித்தபோது, துரு நிறத்தில் எள்ளை விடச் சிறிய புள்ளிகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. நாய்களைத் தொற்றும் பழுப்பு உண்ணியின் வாழ்க்கை முறை எனக்கு அன்றுதான் விளங்கியது: ஆறு கால் இளம்புழு, எட்டு கால் இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி என்ற மூன்று நிலைகளிலும் அது நாயின் இரத்தத்தைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கி, சுவர் இடுக்குகளில் ஒளிந்துகொண்டு அடுத்த நிலைக்கு மாறுகிறது. முட்டையிடும் பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடுகிறது. முதிர்ந்தவை இரத்தமே இல்லாமல் பல மாதங்கள் காத்திருக்கக்கூடியவை. நாயின் மீது பூசிய மருந்து, நாயைத் தேடி வந்த உண்ணியை மட்டுமே கொல்லும். விரிசல்களை அடைத்து, படுக்கைத் துணிகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து, மூலைமுடுக்குகளை வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி, பூச்சிமருந்து தெளிப்பவரை இரண்டு முறை வரவழைத்து, தெளித்தது உலரும்வரை செம்பியை வெளியே வைத்திருந்து, இப்படியாக வீடு சுத்தமாக மூன்று மாதங்கள் ஆயின.

அதற்குள் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மூக்கிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் தரையில் விழுந்ததைப் பார்த்துத்தான் மருத்துவரிடம் ஓடினோம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்று தெரிந்து, 28 நாள் டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தோம். பிழைத்துக்கொண்டாள்.

பிறகு இமிடாக்ளோப்ரிட், ஃப்ளூமெத்ரின் என்ற இரண்டு பூச்சிக்கொல்லிகள் கலந்த கழுத்துப்பட்டையை ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தினேன். எட்டு மாதம் வரை தாங்கும் என்பது இதன் வசதி; கடிப்பதற்கு முன்பே, உடலில் பட்ட அளவிலேயே உண்ணியை முடக்குவது இதன் பெரிய பலம். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்ட வேண்டும். ஆனால் அடிக்கடி குளிக்கும் நாய்க்கு இதன் ஆயுள் குறைகிறது. மேலும், குழந்தை ஒன்று நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உறங்கும் வீட்டில் அந்தப் பட்டை இருப்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை.

இப்போது இரண்டு ஆண்டுகளாக ஃப்ளூரலானர் மாத்திரை. உணவோடு கொடுத்தால் சுமார் 12 வாரம் தாங்குகிறது. முதல் வாரத்தில் உண்ணிகள் தோலில் ஒட்டியிருக்கக் கண்டு ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். இடுக்கியால் எடுத்தபோது அவை செத்து உலர்ந்திருந்தன. மருந்து இரத்தத்தில் இருப்பதால், உண்ணி கடித்துக் குடித்தால்தான் சாகும். ஆகவே கடியை இது தடுப்பதில்லை என்பதை அறிந்தே வாங்க வேண்டும். இவ்வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாயாக இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொசு வழியே பரவும் இதயப்புழுவுக்கு இந்த மாத்திரையால் பயனில்லை. அதற்குத் தனியாக, இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு, மாதாந்தர மருந்து தருகிறோம்.

மாத்திரை வந்தபின்னும் மாலைநேரத் தேடலை விடவில்லை. காதுமடல், கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், விரலிடுக்கு என்ற வரிசையில் கை போகும். அகப்பட்டதை நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்பு நீர்க் குப்பியில் போடுகிறேன். மண்ணெண்ணெய், தீக்குச்சி, நகத்தால் நசுக்குவது எதுவும் கூடாது. நேற்று குப்பி காலியாகவே இருந்தது. செம்பி மட்டும் வழக்கம்போல நான்காவது பாதத்தையும் தானாகவே நீட்டிவிட்டுக் காத்திருந்தாள்.