அமைதியான சாலை என்று சொல்லி விற்கப்பட்ட சைக்கிள் பயணம்: முன்பணம் கட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

தென்மேற்குப் பிரான்சின் லொத் மாவட்டத்தில், செலே ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக "வாகனத் தொல்லை இல்லாத சிறுசாலைகளில்" சைக்கிள் பயணம் செய்யலாம் என்று விளம்பரப்படுத்தப்படும் தொகுப்புப் பயணங்களில் சேர எண்ணியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இவ்வகைப் பயணத்தில் வழிகாட்டி எவரும் உடன் வருவதில்லை. நிறுவனம் விடுதிகளைப் பதிவு செய்து, வாடகைச் சைக்கிளைத் தந்து, பெட்டிகளை அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாம் அவர்கள் அனுப்பும் வழித்தடக் கோப்பைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஓட்டிச் செல்ல வேண்டும். என் மனைவியும் நானும் பணம் கட்டிய பயணம் ஒன்று, எங்களுக்குக் கிடைத்த பயணம் வேறொன்று. புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. பெயரைவிட அவர்கள் கையாண்ட முறையைத் தெரிந்துகொள்வதே படிப்பவர்களுக்குப் பயன்படும்.

எங்களுக்கு வாக்களிக்கப்பட்ட வழி இதுதான். எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படித்தறிந்த ஷாம்பொலியோன் 1790-இல் பிறந்த ஃபிஜாக் நகரில் தொடங்கி, செலே ஆற்றை ஒட்டிய டி41 சாலையில் இறங்கி, மார்சியாக், கப்ரெரே ஆகிய ஊர்களில் தங்கி, செலே லொத் ஆற்றோடு கலக்கும் இடத்தைக் கடந்து, பாறை முகட்டில் நிற்கும் சென்-சீர்-லப்போப்பி கிராமத்தைப் பார்த்துவிட்டு, 14ஆம் நூற்றாண்டின் வலாந்த்ரே பாலம் உள்ள காவோர் நகரில் முடிக்க வேண்டும். டி41 சாலைக்காகவே பலர் அந்தப் பக்கம் போகிறார்கள். ஒருபுறம் சுண்ணாம்புப் பாறைச் செங்குத்து, மறுபுறம் ஆறும் வயல்களும். இடையில் மரச்சட்டம் வைத்துக் கட்டிய மணிக்கூண்டுடன் எஸ்பாஞாக் கிராமம், பாதி இடிந்த நிலையில் நிற்கும் மார்சியாக் மடாலயம். அவசரமாகக் காவோர் போகிறவர்களுக்கு வேறு சாலைகள் இருப்பதால் இந்தச் சாலை அமைதியாக இருக்கிறது. நாங்கள் விலை கொடுத்தது அந்த அமைதிக்குத்தான்.

மீதித் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்ட பிறகே இறுதி ஆவணங்களை அனுப்பினார்கள். அவற்றில் மார்சியாக்கும் இல்லை, கப்ரெரேயும் இல்லை. ஒப்பந்தத்தில் ஒவ்வொரு விடுதியின் பெயருக்குப் பின்னும் "அல்லது அதற்கு நிகரானது" என்று ஒரு தொடர் இருந்தது. அதைக் காட்டி, இரண்டு இரவுகளையும் செலே பள்ளத்தாக்கிலிருந்து லொத் பள்ளத்தாக்குக்கு மாற்றிவிட்டார்கள். நட்சத்திரத் தகுதியை மட்டும் பார்த்தால் அவை நிகரான விடுதிகள்தான். ஆனால் இரண்டு பள்ளத்தாக்குகளுக்கும் நடுவே சுமார் 200 மீட்டர் ஏற வேண்டிய வறண்ட சுண்ணாம்பு மேட்டுநிலம் இருக்கிறது. சைக்கிளில் போகிறவருக்கு இரவில் எங்கே படுக்கை என்பதுதான் பகலில் எந்தச் சாலை என்பதைத் தீர்மானிக்கிறது. படுக்கையை மாற்றினால் பயணமே மாறிவிடும். புதிய வழித்தடக் கோப்பில் டி41 அடியோடு காணாமல் போய், லொத் பள்ளத்தாக்கின் பிரதான சாலையான டி662 வந்திருந்தது. கையேட்டின் தலைப்பில் மட்டும் "அமைதியான சாலைகள்" என்ற சொற்கள் அப்படியே இருந்தன.

டி662 அழகற்ற சாலை என்று சொல்லமாட்டேன். காரில் போகிறவருக்கு அருமையான சாலை. ஆனால் பாறையை ஒட்டி ஒடுங்கும் வளைவுகளில், ஓரத்தில் ஒதுங்க இடமில்லாத நிலையில், பின்னால் கல் ஏற்றிய லாரி வரும் ஓசையைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவது வேறு அனுபவம். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் வாகனம் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். பெரும்பாலான ஓட்டுநர்கள் அதைக் கடைப்பிடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கடைப்பிடிக்காத ஒருவர் என் மனைவியின் முழங்கையை உரசுவதுபோலக் கடந்துபோன பிறகு, அன்று மீதித் தூரத்தின் பெரும்பகுதியை இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

சைக்கிள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன வேன் நண்பகலுக்குச் சற்று முன் வந்தது. கப்ரெரே அருகிலுள்ள பெஷ் மெர்ல் குகையில், சுமார் 29,000 ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட புள்ளிக் குதிரை ஓவியங்களைப் பார்க்க அன்று மாலைக்கு நாங்களே முன்பதிவு செய்திருந்தோம். மேட்டுநிலத்தைக் கடந்தாவது போய்விடலாம் என்ற திட்டம் இந்தத் தாமதத்தால் கைவிட்டுப் போயிற்று. குகை கெட்டுவிடாமல் இருக்க நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்து அனுமதிப்பதால், வேறு நேரமும் கிடைக்கவில்லை.

என் சைக்கிளின் பின் பிரேக் கட்டை ரப்பர் முழுதும் தேய்ந்து, உள்ளிருக்கும் உலோகம் சக்கர விளிம்பில் உரசும் நிலையில் இருந்தது. மனைவியின் சைக்கிளில் பஞ்சரானபோது, சீட்டின் கீழே தொங்கிய பையைத் திறந்தோம். உள்ளே இருந்த மாற்று டியூபில் கார் டயரில் இருப்பது போன்ற தடித்த வால்வு. சக்கர விளிம்பில் போட்டிருந்த துளையோ மெல்லிய வால்வுக்கானது. எவ்வளவு முயன்றாலும் அது நுழையாது. ஒப்பந்தத்தில் "24 மணி நேர உதவி" என்று குறிக்கப்பட்டிருந்த எண்ணை அழைத்தால் பதிவு செய்த குரல் பேசியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பிரான்சின் சிற்றூர்களில் பல சைக்கிள் கடைகள் ஞாயிறோடு திங்களும் மூடியிருக்கும் என்பதை அங்கே போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அருகில் விருந்தினர் இல்லம் நடத்தும் ஒரு பெண்மணி, தம் மகனின் பெட்டியிலிருந்து ஒட்டுத்துண்டும் பசையும் எடுத்துக் கொடுத்து, தண்ணீர் வாளியையும் கொண்டுவந்து வைத்தார். பழைய டியூபையே ஒட்டி மாட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

ஊர் திரும்பிய பின் வேறொரு அதிர்ச்சி காத்திருந்தது. சைக்கிளில் கீறல் இருப்பதாகச் சொல்லி, பிணைத்தொகையிலிருந்து 120 யூரோ பிடித்திருந்தார்கள். சைக்கிளைப் பெற்றுக்கொண்டபோதே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தோம். அந்தக் கீறல் அப்போதே அதில் தெரிந்தது. படத்தை அனுப்பியதும் பணம் திரும்பி வந்தது, ஒரு வருத்தச் சொல்கூட இல்லாமல்.

இப்போது சட்ட நிலையைச் சொல்கிறேன். விடுதி, வாடகைச் சைக்கிள் போன்ற சேவைகளைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால், அது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்புப் பயண நெறிமுறைக்குள் வருகிறது. 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அந்த விதிகளின்படி, புறப்படும் முன் பயணத்தின் முக்கிய அம்சங்களை நிறுவனம் கணிசமாக மாற்றினால், பயணி கட்டணம் எதுவும் இல்லாமல் விலகிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். பயணத்தின்போது குறை கண்டால் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும். எழுத்தில் தெரிவிப்பதே நல்லது. நாங்கள் விடுதி மாற்றத்தை ஆட்சேபித்து உடனே மின்னஞ்சல் அனுப்பினோம். நாங்கள் விமானம் ஏறும் வரை அதற்குப் பதில் வரவில்லை. பிறகு வந்த பதில், "வழித்தடம் வெறும் பரிந்துரையே, ஒப்பந்தத்தின் பகுதி அல்ல" என்பது. சாலையின் பெயரைச் சொல்லி விற்றவர்கள் இப்படி எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே பணம் கட்டும் முன், ஒவ்வொரு நாளும் எந்தெந்தச் சாலை என்பதை எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். "நிகரான விடுதி" என்றால் அதே பள்ளத்தாக்கில், அதே வழித்தடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வழித்தடக் கோப்பை முன்கூட்டியே தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கோப்பு கையில் கிடைத்தால், அந்தச் சாலைகளை இணைய வரைபடத்தின் சாலைக் காட்சிப் படங்களில் ஆங்காங்கே பாருங்கள். நடுவே வெள்ளைக் கோடு போட்ட அகலச் சாலையாக இருந்தால் போக்குவரத்தும் பெரும்பாலும் அதற்கேற்பவே இருக்கும். வடக்கேயுள்ள தோர்தோன் பள்ளத்தாக்குப் பயணங்களில் டி703 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். பெய்னாக் ஊருக்கான புறவழிச்சாலைப் பணியை நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2018 இறுதியில் நிறுத்திவைத்தது. அதனால் வாகனங்கள் ஊர் வழியாகவே போகின்றன. அங்கே டி703 பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு போகிறது. கோடை மாதங்களில் அது அமைதியான சாலை அல்ல.

பயணத்தை விற்பது பிரெஞ்சு நிறுவனமாக இருந்தால் "ஐஎம்" (IM) என்று தொடங்கும் பதிவெண் இருக்க வேண்டும். அதை பிரான்சின் சுற்றுலா மேம்பாட்டு அமைப்பான அத்தூ பிரான்சின் பொதுப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். நீங்களே விடுதி தேடுவதாக இருந்தால் "அக்கேய் வெலோ" என்ற அடையாளப் பலகை உதவும். அறிவிக்கப்பட்ட சைக்கிள் வழியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்து, சைக்கிளுக்குப் பாதுகாப்பான இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் வைத்திருப்பவர்களுக்கே அது தரப்படுகிறது.

எங்கள் புகாருக்கு நிறுவனம் அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிச் சீட்டு ஒன்றை முன்வைத்தது. அதை மறுத்துவிட்டு, ஒப்பந்தம், மாற்றப்பட்ட விடுதிப் பட்டியல், இரண்டு வழித்தடக் கோப்புகள், சைக்கிள் படங்கள் அனைத்தையும் பிரான்சின் சுற்றுலாத் துறைச் சமரச அமைப்புக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வந்ததும் அதையும் இங்கே எழுதுகிறேன்.