கிண்ணமா, டிப்பா, ஓவன் ரொட்டியா? காட்டேஜ் சீஸில் எது நிஜமான புரதச் சிற்றுண்டி

ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா காட்டேஜ் சீஸ் இருக்கிறது. இரண்டு வேலைக்கு நடுவே பசி எடுக்கிறது. அப்படியே கரண்டி போட்டுச் சாப்பிடலாம், மிக்ஸியில் அடித்துத் தொட்டுக்கொள்ளும் டிப் ஆக்கலாம், முட்டையோடு வாணலியில் கிளறலாம், ஓவனில் ரொட்டி போலச் சுட்டெடுக்கலாம். நான்கையும் பல முறை செய்து பார்த்தவன் என்பதால், எது எப்போது உதவும் என்று விவரமாகவே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பம் தீர வேண்டும். பனீரையும் காட்டேஜ் சீஸ் என்று எழுதுகிறார்கள். பனீர், சூடான பாலில் புளிப்பு சேர்த்துத் திரித்து, பிழிந்து அழுத்திய கட்டி. நான் சொல்லும் காட்டேஜ் சீஸ், கொழுப்பு நீக்கிய பாலை உறைய வைத்து, அந்தக் கட்டியைச் சிறு துண்டுகளாக வெட்டி, இளஞ்சூட்டில் நீர் பிரியவிட்டு வடித்து, கடைசியில் கொஞ்சம் க்ரீம் கலந்தது. அதனால்தான் மணிமணியாக, ஈரமாக இருக்கிறது. 100 கிராமில் சுமார் 11 கிராம் புரதம் உண்டு. கொழுப்பு சேர்ந்த வகையிலும் 100 கலோரிக்கு மேல் பெரிதாகப் போகாது. அந்தப் புரதத்தில் பெரும்பங்கு கேசின் என்ற வகை. அது மெதுவாகச் செரிக்கும்.

இந்த 11 கிராம் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செய்முறையில் உண்மையிலேயே எத்தனை கிராம் காட்டேஜ் சீஸ் வாய்க்குள் போகிறது என்பதுதான் என் அளவுகோல்.

கிண்ணத்திலிருந்து தொடங்குகிறேன். 150 கிராம் எடுத்தால் 16 கிராம் புரதம் கிடைத்துவிடும். இரண்டு நிமிட வேலை. மேலே நறுக்கிய வெள்ளரி, தக்காளி, நிறைய மிளகுத்தூள், சில துளி ஆலிவ் எண்ணெய். இனிப்பு வேண்டுமென்றால் பெர்ரியோ ஆப்பிளோ சேர்த்து ஒரு கைப்பிடி பாதாம். வெள்ளரியைச் சாப்பிடும் நேரத்தில் சேருங்கள். முன்கூட்டியே கலந்து வைத்தால் சீஸில் இருக்கும் உப்பு அதன் நீரை இழுத்து, கால் மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டிவிடும். புதிதாக நறுக்கிய அன்னாசி, கிவி இரண்டுக்கும் இன்னும் கவனம் தேவை. அவற்றின் நொதிகள் பால் புரதத்தைச் சிதைக்கும், கொஞ்ச நேரத்திலேயே கசப்பு வந்துவிடும். கலந்தவுடன் சாப்பிட்டால் தெரியாது, டப்பாவில் கட்டிக்கொண்டு போனால் நன்றாகவே தெரியும். டின்னில் வரும் அன்னாசியில் அந்தத் தொல்லை இல்லை, சூடுபடுத்தும்போதே நொதி செயலிழந்துவிடுகிறது.

கிண்ணத்துக்கு எதிரி ஒன்றே ஒன்றுதான், அந்த மணிமணியான பதம். பிடிக்காதவர்களுக்கு முதல் கரண்டியே தொண்டையில் இறங்காது. அவர்களை வற்புறுத்துவதில் பயனில்லை, மிக்ஸிதான் வழி.

மேலே தேங்கியிருக்கும் நீரை வடித்துவிட்டு, சின்ன ஜாரில் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் அடியுங்கள். முதல் சில சுற்றுகளில் ரவை போலத்தான் இருக்கும். நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் ஒரு கட்டத்தில் மணிகள் காணாமல் போய், பளபளவென்று கெட்டியான க்ரீம் ஆகிவிடும். பூண்டு, எலுமிச்சைச் சாறு, மிளகு சேர்த்தால் தனியாகவே ருசிக்கும். மூடி வைத்தால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் நிற்கும்.

ருசியில் குறையே இல்லை, குறை அளவில்தான் இருக்கிறது. கேரட் குச்சியை முக்கி முக்கிச் சாப்பிட்டால் எவ்வளவு டிப் போகும்? இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம். புரதம் வெறும் மூன்று கிராம். அதைப் புரதச் சிற்றுண்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முக்குவதற்குச் சிப்ஸை எடுத்தாலோ, சாப்பிட்டது சிப்ஸ்தான். டிப் செய்வதாக இருந்தால் ஒரு ரொட்டித் துண்டின் மேல் 100 கிராம் டிப்பைத் தடிமனாகப் பூசுங்கள். ரொட்டியின் புரதமும் சேர்ந்து 14 கிராம் வந்துவிடும். மயோனைஸ், க்ரீம் சீஸ் பூசுகிற இடத்தில் இதைப் பூசுவதுதான் டிப்பின் உண்மையான லாபம். க்ரீம் சீஸில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் கொழுப்பு, புரதமோ காட்டேஜ் சீஸில் இருப்பதில் பாதிதான்.

சூடாக ஏதாவது வேண்டும் என்கிறவர்களுக்கு முட்டைக் கிளறல். இரண்டு முட்டை, 100 கிராம் காட்டேஜ் சீஸ், மொத்தம் 23 கிராம் புரதம், ஐந்து நிமிடம். முட்டை பாதி வெந்து, இன்னும் ஈரம் மினுங்கும்போது சீஸைச் சேர்த்து, இரண்டு புரட்டுப் புரட்டி அடுப்பை அணைத்துவிட வேண்டும். சூடு கூடினால் மணிகள் சுருங்கி நீரைக் கக்கும், தட்டில் முட்டை மிதக்கும். இது தெரியாமல்தான் பலர் ஒரு முறை செய்துவிட்டுக் கைவிடுகிறார்கள்.

அப்புறம் அந்த ஓவன் ரொட்டி. 225 கிராம் காட்டேஜ் சீஸும் இரண்டு முட்டையும் மிக்ஸியில் அடித்து, பட்டர் பேப்பரில் மெல்லியதாகப் பரப்பி, 180 டிகிரி செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம். புரதம் 37 கிராம். எண்ணைப் பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் ஓவன் சூடாகும் நேரமும், வெந்தபின் ஆறவிடும் பத்து நிமிடமும் சேர்த்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஆறுமுன் உரித்தால் நடுப்பகுதி பேப்பரோடு ஒட்டிக் கிழியும். பசியோடு நிற்கிறவருக்கு இது பொருந்தாது. காய்கறி வைத்துச் சுருட்டி மதிய உணவாகக் கட்டிக்கொண்டு போகலாம். அந்த வேலைக்கு அருமையான பண்டம், சிற்றுண்டிப் போட்டியில் மட்டும் நான் இதைச் சேர்க்க மாட்டேன்.

நான்குக்கும் பொதுவான ஒரு எச்சரிக்கை உப்பு. சாதாரண காட்டேஜ் சீஸில் 100 கிராமுக்கு 300 முதல் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் நாள் அளவு 2,000 மில்லிகிராமுக்குள். 150 கிராம் கிண்ணத்திலேயே அதில் கால் பங்கு முடிந்துவிடுகிறது. ஆகவே எந்தச் செய்முறையிலும் தனியாக உப்புப் போடாதீர்கள், மிளகும் எலுமிச்சையும் போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் லேபிளில் சோடியம் குறைந்த வகையாகப் பார்த்து எடுக்கலாம். இல்லையென்றால் வடிகட்டிய கெட்டித் தயிர் நல்ல மாற்று. புரதம் ஏறக்குறைய இதே அளவு, சோடியம் 40 மில்லிகிராம் அளவில்தான். இந்த ஒரு விஷயத்தில் தயிர்தான் ஜெயிக்கிறது, அதை மறைக்கக் கூடாது.

சரி, என் தேர்வு? வார நாளில் கிண்ணம்தான், சந்தேகமே இல்லை. குளிர் நாளில் முட்டைக் கிளறல். பதம் பிடிக்காத ஒருவர் வீட்டில் இருந்தால், டப்பாவைத் திறந்த அன்றே பாதியை அடித்து வைத்துவிடுவேன். மறுநாள் அவருக்கு ரொட்டித் துண்டு, எனக்கு வெள்ளரியும் மிளகும் போட்ட கிண்ணம்.