கம்ப்ரசர் எண்ணெயைப் பிடிக்க: கோலசர் வடிகட்டியா, கரிப் படுகையா?

குத்தாலம், நரிமணம், அடியக்கமங்கலம் என்று காவிரி டெல்டாவில் எரிவாயுக் கிணறுகள் பல. அந்த வாயுவைத் திரவமாக்கி லாரியில் அனுப்ப நினைத்தால், வாயுவை அழுத்தும் கம்ப்ரசரிலிருந்து அதில் கலந்துவரும் மசகு எண்ணெயை முதலில் நீக்கியாக வேண்டும். மீத்தேன் திரவமாவது மைனஸ் 162 டிகிரியில். அதற்கு வெகு முன்பே எண்ணெய் உறைந்து, அலுமினிய வெப்பமாற்றியின் குறுகிய வழிகளை அடைத்துவிடும்.

கோலசரில் வாயு கண்ணாடி இழை உறையின் உள்ளிருந்து வெளியே போகும். மைக்ரானுக்கும் சிறிய துளிகள் இழையில் ஒட்டி, ஒன்றுசேர்ந்து கனத்து அடியில் வடியும். செலவு குறைவு, உறைக்கு உள்ளும் வெளியும் உள்ள அழுத்த வேறுபாடு ஏறினால் உறையை மாற்றினால் சரி. ஆனால் ஆவியாக இருக்கும் எண்ணெயை அது தொடவே தொடாது. நம் பக்கத்துச் சிக்கல் இங்கேதான். கத்திரி வெயிலில், காற்றால் குளிர்விக்கும் கருவி வாயுவை வெளிவெப்பத்துக்குக் கீழே இறக்காது. வாயு சூடாக இருக்க இருக்க ஆவியும் கூடும். தப்பிப்போன அந்த ஆவி அப்புறம் வெப்பமாற்றி இருக்கும் குளிர்ப்பெட்டியில்தான் உறையும்.

கரிப் படுகை, அதாவது வாயு ஊடுருவிப் போகும் நுண்துளைக் கரி அடுக்கு, ஆவியைப் பிடிக்கும். எண்ணெய் துளியாக வந்தால் மட்டும் நுண்துளைகள் மூடிக்கொண்டு சீக்கிரமே வீணாகும். வாயுவிலேயே இருக்கும் கனமான ஹைட்ரோகார்பன்களும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எப்போது நிறைந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. வெளியேறும் வாயுவைச் சோதிக்க வேண்டும். தீர்ந்த கரியைக் கண்ட இடத்தில் கொட்டவும் முடியாது, சுற்றிலும் வயல்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு கோலசருக்கே. கூடவே எளிதில் ஆவியாகாத செயற்கை எண்ணெய். கரியை மட்டும் வைப்பது காசைக் கரியாக்குவது. இரண்டுக்கும் வசதி இருந்தால் கோலசர் முன்னால், கரி பின்னால், கரித்தூளைத் தடுக்க அதற்கடுத்து ஒரு தூசி வடிகட்டி.