பன்னிரண்டு வருடம், இரண்டு பம்ப், ஒரு சாயப்பட்டறை

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். தரைத்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற 2013-இல் இரண்டு சென்ட்ரிஃபியூகல் பம்ப் வாங்கினோம். ஒவ்வொன்றும் 15 எச்.பி., 2900 ஆர்.பி.எம்., வார்ப்பிரும்பு கேசிங் (வெளிக்கூடு), கோயம்புத்தூர் தயாரிப்பு. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், கீழே திட்டும் பெரும்பாலானதில் கம்பெனிக்குப் பங்கே இல்லை. ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வு, வாரத்துக்கொரு முறை மாற்றுவோம். கேசிங்கும் ஷாஃப்டும் (சுழலும் தண்டு) இன்னும் அதேதான். மற்றதெல்லாம் ஒரு முறையாவது மாறிவிட்டது.

முதலில் கிளாண்ட் கதை. ஷாஃப்ட் கேசிங்கை விட்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீர் ஒழுகாமல் கயிறு சுற்றி நட்டால் இறுக்குவதுதான் கிளாண்ட், அங்கே ஷாஃப்ட் மேல் மாட்டிய உறை ஸ்லீவ். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரை வெளியே விடாத பூஜ்ஜியக் கழிவு ஏற்பாட்டோடு மறுபடி திறந்த பிறகு, இங்கே தரையில் விழும் தண்ணீரையும் காசு கொடுத்துத்தான் சுத்திகரிக்கிறோம். அதனால் கிளாண்டில் சொட்டுவதைப் பார்த்தாலே முதலாளிக்குப் பொறுக்காது. வருகிற ஃபிட்டர் எல்லாம் நட்டை இறுக்கி இறுக்கி ஒரு சொட்டு இல்லாமல் நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்தச் சொட்டுதான் கயிறுக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் குளிர்ச்சியாக இருப்பது. அது நின்றால் கயிறு கருகும், ஸ்லீவில் மோதிரம் மோதிரமாகப் பள்ளம் விழும், அப்புறம் எத்தனை புதுக் கயிறு போட்டாலும் ஒழுகும். நிமிஷத்துக்கு ஐம்பது சொட்டு விட்டு பாட்டிலில் பிடித்துக் காட்டினேன், ஒரு நாளைக்கு நாலு லிட்டர்கூட வரவில்லை. ஒரு ஸ்லீவ் விலைக்கு எத்தனை வருடச் சொட்டைச் சுத்திகரிக்கலாம் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். புதுக் கயிறு போட்டால் முதல் அரைமணி நேரம் தாராளமாகவே ஒழுக விடுங்கள், பிறகு நட்டை ஆறில் ஒரு சுற்று வீதம் இரண்டு பக்கமும் சமமாகத் திருகுங்கள்.

ஒரு பம்புக்கு மட்டும் பிற்பாடு கயிறுக்குப் பதில் மெக்கானிக்கல் சீல் (வழவழப்பான இரண்டு முகங்கள் ஒட்டிச் சுழலும் அடைப்பு) மாற்றினோம். சொட்டே இல்லை, அருமை. ஆனால் தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே சீல் முகம் போய்விடும், கிளாண்ட் மாதிரி முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கெடாது. சக்ஷன் (தண்ணீரை உறிஞ்சும் பக்கம்) சந்தேகமாக இருக்கும் இடத்தில் நான் இன்னும் கிளாண்டைத்தான் வைப்பேன்.

சக்ஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்றாவது வருட சித்திரையில் தொட்டி மட்டம் இறங்கியபோது கேசிங்குக்குள் ஜல்லி போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். பேரிங் என்று நினைத்துப் பேரிங்கை மாற்றினோம். சத்தம் போகவில்லை. கழற்றிப் பார்த்தால் இம்பெல்லர் (தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரம்) கரையான் அரித்த கட்டை மாதிரி. சக்ஷன் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு சல்லடை முழுக்கப் பஞ்சு, போதாததற்கு சக்ஷன் குழாய் பம்பின் வாய் அளவே மூன்று அங்குலம். உள்ளே அழுத்தம் விழுந்து தண்ணீர் ஆவிக்குமிழாகி, இம்பெல்லரில் போய் உடையும்போது உலோகத்தையே பிய்த்து எடுக்கிறது. குழாயை நாலு அங்குலமாக்கி, ஒருபக்கம் மட்டும் சரியும் ரெடியூசரை (பெரிய குழாயைச் சின்ன வாயோடு இணைக்கும் துண்டு) தட்டைப் பக்கம் மேலே வரும்படி போட்டோம், இல்லையென்றால் மேலே காற்று தங்கும். சல்லடையை மாதம் ஒருமுறை தூக்கிக் கழுவுகிறோம். அந்தச் சத்தம் பிறகு வரவில்லை. இன்னொன்று: தண்ணீர் குறைய வேண்டுமென்றால் டெலிவரி (தண்ணீர் வெளியேறும் பக்க) வால்வைக் குறையுங்கள், சக்ஷன் வால்வில் கை வைக்காதீர்கள்.

மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் மூன்று மாதத்துக்கொரு முறை பொடியாகும். கப்ளிங்குக்குக் கீழே கரும்பொடி கிடந்தால் அலைன்மென்ட் (இரண்டு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பது) போய்விட்டது என்று அர்த்தம். டயல் கேஜ் வைத்துச் சரி செய்வோம், மறுபடி போகும். கடைசியில் கோயம்புத்தூர் கணபதியிலிருந்து வந்த வயதான ஃபிட்டர் ஒருவர் டயல் கேஜைத் தொடவே இல்லை, டெலிவரி ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்பு) போல்ட்டை மட்டும் கழற்றினார். குழாய் ஒரு விரற்கடை தள்ளிப் போய் நின்றது. “பம்பு மேல குத்தமில்லீங் தம்பி, பைப்பு இழுக்குதுங்” என்றார். குழாய்க்குத் தனியாகத் தாங்கி கொடுத்த பிறகு அந்த ரப்பர் இரண்டு வருடம் வந்தது.

ஓட்டும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: காற்றை எடுத்து, டெலிவரியை மூடி ஸ்டார்ட் செய்து, பிரஷர் ஏறியதும் மெதுவாகத் திறக்க வேண்டும். திறப்பதை மறந்தால்தான் வம்பு. ஒரு நைட் ஷிஃப்ட்டில் அரைமணி நேரம் மூடியே ஓடியிருக்கிறது. நான் போனபோது கேசிங் பெயின்ட் தீய்ந்த வாடை. ஒரு பையன் ஏர் வென்ட்டைத் திறக்கப் போனான், கையைப் பிடித்து இழுத்தேன், உள்ளே இருந்தது கொதிநீர். இரண்டு வால்வும் மூடி ஓடினால் கேசிங் வெடிக்கவே கூடும். நிறுத்திவிட்டுத் தானாக ஆற விட்டோம்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்காதது ஒன்று உண்டு. பம்பில் கை வைப்பவர் ஃபியூஸ் கேரியரைக் கழற்றித் தன் பாக்கெட்டில் போட்டு, பேனலைப் பூட்டிச் சாவியும் வைத்துக்கொள்ள வேண்டும். கரன்ட் போனதுதானே என்று கப்ளிங்கில் கை வைத்த ஹெல்ப்பர் ஒருவருக்கு, கரன்ட் திரும்பியபோது விரல் நுனி போயிருக்கிறது, எங்கள் பட்டறையில் இல்லை, நான் முன்பு வேலை பார்த்த இடத்தில். கரன்ட்டை எடுத்தால் மட்டும் போதாது. நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரைத் திரும்பி வரவிடாத ஒருவழி வால்வு) சரியாக மூடாவிட்டால் மேல்தொட்டித் தண்ணீரே ஷாஃப்டைப் பின்பக்கமாகச் சுற்றும். அப்படிச் சுற்றும்போது ஸ்டார்ட் செய்தால் ஷாஃப்டே முறியலாம். அதனால் இரண்டு வால்வையும் மூடி, கேசிங் தண்ணீரை வடித்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்கிறோம். கப்ளிங்கை மூடும் கார்டு மாட்டாமல் ஓட்டுவதில்லை, தோளில் துண்டோடு யாரும் பக்கத்தில் வருவதும் இல்லை.

மோட்டார் ரீவைண்டிங் போய் வந்தால் சுற்றும் திசையைப் பாருங்கள். எங்களுக்கு ஒருமுறை இரண்டு ஃபேஸ் மாறி, தண்ணீர் வந்தது, பிரஷர் வரவில்லை, அரை நாள் வால்வையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கிரீஸ் நிறைய வைத்தால் நல்லது என்பதும் பொய், பேரிங் சூடாகத்தான் செய்யும்.

பம்பைப் பற்றி எனக்குள்ள ஒரே குறை, கிளாண்ட் நட்டுக்கு ஸ்பேனர் போகிற இடைவெளி போதாது, ஒரு ஸ்பேனரை அறுத்துக் குட்டையாக்கி வைத்திருக்கிறோம். ஸ்பேர் கவலை இல்லை, காலையில் சொன்னால் சாயங்காலத்துக்குள் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிடும். இரண்டாவது பம்பின் ஸ்லீவ் மறுபடி தேய்ந்திருக்கிறது, வரும் ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறோம்.