34,500 ரூபாய்க்கு நான் வாங்கிய ஃபங்கஸ்: பழைய டெலி ஜூம் லென்ஸ் வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோடியக்கரையிலிருந்து திரும்பி நான்கு நாள்கள் ஆகின்றன. கோபம் தணிந்த பிறகு எழுதினால் பாதியை விழுங்கிவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். பயணத்துக்கு ஏற்ற, எடை குறைந்த டெலி ஜூம் லென்ஸை, அதாவது தொலைவில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் லென்ஸை, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இரண்டு மாதங்களாகப் படித்துச் சேர்த்த குறிப்புகள் என்னிடம் உள்ளன. அவற்றைக் கடைசியில் விரிவாகத் தருகிறேன். அதற்கு முன், பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் வாங்கிச் சரிபார்த்து இணையத்தில் விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கடையிடம் 34,500 ரூபாயை எப்படிக் கொடுத்தேன் என்பதைக் கேளுங்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

என்னிடம் இருப்பது ஏ.பி.எஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் கொண்ட பழைய கேனான் டி.எஸ்.எல்.ஆர். போன ஆண்டு நண்பரின் 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸை இரவல் வாங்கி ஹம்பி முழுக்கச் சுமந்து திரிந்தேன். 1,490 கிராம். படங்கள் அருமையாக வந்தன. கழுத்துதான் ஒரு வாரம் திரும்பவில்லை. அதே குவியத்தூரத்தில் எஃப்/4 லென்ஸ், கைநடுக்கத்தைச் சமாளிக்கும் இமேஜ் ஸ்டெபிலைசரோடு சேர்த்தே 760 கிராம்தான், அதாவது ஏறக்குறையப் பாதி. ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை, அதாவது பாதி வெளிச்சத்தை, விட்டுக்கொடுத்தால் 730 கிராம் மிச்சமாகிறது என்றால், பேருந்திலும் ரயிலிலும் அலைகிற என்னைப் போன்றவனுக்கு அது நல்ல பேரம். சென்சார் சிறியது என்பதால் என் கேமராவில் 1.6 மடங்கு சேர்ந்து 200 மி.மீ. என்பது 320 மி.மீ. போல நடந்துகொள்ளும், தொலைவில் நிற்கும் பூநாரைக்கு அது போதாது என்றாலும், வெளிமானுக்கும் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்கும் தாராளம். இதே கேமராவுக்கு 375 கிராமில் 55-250 எஸ்.டி.எம். லென்ஸ் ஒன்று இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் மவுன்ட் (கேமராவில் பொருந்தும் வளையம்) என்று முகம் சுளித்து அதைத் தள்ளிவைத்தேன். கேனானின் விலை உயர்ந்த வெள்ளை நிற லென்ஸ்கள் மேல் இருந்த மோகம் என்று சொல்வதே நேர்மை.

அந்தக் கடையின் பக்கத்தில் ஸ்டெபிலைசர் உள்ள 70-200 எஃப்/4 லென்ஸின் நிலை 'மிக நன்று' என்று போட்டிருந்தது. ஏழு நாள்களுக்குள் திருப்பித் தரலாம், ஆறு மாத வாரன்டி உண்டு, விலை 36,000 ரூபாய். ஆனாலும் நான் உடனே வாங்கிவிடவில்லை. தொலைபேசியில் அழைத்து, ஃபங்கஸ் (கண்ணாடிமேல் வளரும் பூஞ்சை) இருக்கிறதா, ஹேஸ் (உள்ளே படியும் மங்கல்) இருக்கிறதா, உள்ளே யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா என்று மூன்று கேள்விகளையும் தாளில் எழுதிவைத்துக்கொண்டு கேட்டேன். எதிர்முனையில் பேசியவர் அவசரப்படவில்லை. எங்கே போகப்போகிறீர்கள் என்று விசாரித்தார். கோடியக்கரை என்றதும், "வெயில் ஏர்றதுக்கு முன்னாடி போயிடுங்க சார், அப்புறம் கானல் அடிக்கும், ஷார்ப்பா வராது" என்றார். அவர் சொன்னது உண்மை, அதுதான் என்னைக் கவிழ்த்தது. விற்பதற்காகப் பேசுகிறவர் கானலைப் பற்றி ஏன் பேசப்போகிறார், இவர் நம்மைப் போலப் படம் எடுக்கிறவர்தான் என்று மனம் முடிவுகட்டிவிட்டது.

டார்ச் அடித்து ஒரு வீடியோ அனுப்புங்கள் என்று கேட்டதற்கு அரை மணி நேரத்தில் அனுப்பினார். இப்போது அதைப் பத்து முறையாவது பார்த்துவிட்டேன். வெளிச்சம் முன்புறக் கண்ணாடியின் மேல் சாய்வாக விழுகிறது; பின்பக்கத்திலிருந்து ஊடுருவி ஒரு நொடிகூட வரவில்லை. சீரியல் எண் இருக்கும் இடத்தில் கட்டைவிரல் இருக்கிறது. அன்று இவை எதுவும் என் கண்ணில் படவில்லை. கார்டில் கட்டாமல் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் 1,500 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார். அந்த 1,500 ரூபாய்க்கு ஆசைப்பட்டு 34,500 ரூபாயை அன்று இரவே அனுப்பினேன். கார்டில் கட்டியிருந்தால் இன்று வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது மிஞ்சியிருக்கும்.

ஜனவரி 11 அன்று பார்சல் வந்தது. பொங்கல் வேலைகளுக்கு நடுவே புத்தக அலமாரியையும், மொட்டைமாடியில் நிழலில் உட்கார்ந்திருந்த அப்பாவையும் எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் புருவ முடிகளை எண்ணலாம் போலிருந்தது. கொடுத்த காசு வீண்போகவில்லை என்று அவரிடமே சொன்னேன்.

17-ஆம் தேதி விடியற்காலை. வேதாரண்யம் உப்பளங்களுக்கு அப்பால் சூரியன் கிளம்ப, ஆழமில்லாத நீரில் பூநாரைகள் வரிசையாக நின்றன. வெளிச்சத்துக்கு எதிரே நின்று எடுத்தால் உருவங்கள் கறுத்து, நீர் பொன்னாகத் தெரிய வேண்டும். எனக்கு வந்த படங்களிலோ மோரைத் தெளித்ததுபோல வெண்மை படிந்திருந்தது. கறுப்பு சாம்பலாகவும், பொன் அழுக்கு மஞ்சளாகவும் கிடந்தன. பனிமூட்டமாக இருக்கும் என்று லென்ஸைத் துடைத்தேன், ஹூடை மாட்டினேன், ஃபில்டரைக் கழற்றினேன். ஒன்றும் மாறவில்லை. பிறகு வெயில் முதுகில் விழப் புல்வெளியில் எடுத்த வெளிமான் படங்கள் மட்டும் தெளிவாக வந்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. அன்று இரவு விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டு, செல்பேசி டார்ச்சை லென்ஸின் பின்புறம் வைத்து முன்புறமாகப் பார்த்தேன். நடுவில் ஒரு கண்ணாடியின் மேல் சிலந்தி நூல் போன்ற இழைகள். அவற்றைச் சுற்றி, யாரோ துடைக்க முயன்று விட்ட வட்டமான மங்கல். எதிர்வெயிலில் ஒளி இதன்மீது பட்டுச் சிதறிப் படம் முழுவதும் பரவும். நிழலிலும் நேர்வெளிச்சத்திலும் அந்தச் சிதறல் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. அப்பாவின் புருவம் என்னை ஏமாற்றியது இப்படித்தான்.

அந்த இரவே படங்களோடு கடைக்குச் செய்தி அனுப்பினேன். பொங்கல் விடுமுறை என்றார்கள். மறுநாள் டெக்னீஷியன் வரவில்லை என்றார்கள். அதற்கு மறுநாள், ஏழு நாள் என்பது பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை, அவர்கள் அனுப்பிய 8-ஆம் தேதியிலிருந்து கணக்கு, ஆகவே 15-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்றார்கள். வாரன்டியைக் கேட்டேன், அதில் ஃபங்கஸ் சேராதாம். கானலைப் பற்றிக் கரிசனமாகப் பேசிய அதே மனிதர் கடைசியாகச் சொன்னது இது: "நீங்க கடல்கரைக்குக் கொண்டு போனதால வந்திருக்கும் சார்." காலையில் கடற்கரையில் காட்டிய லென்ஸில் அன்று இரவுக்குள் நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்துவிட்டதாம்! ஈரப்பதத்தில் வாரக்கணக்கில் அடைந்து கிடந்தால்தான் அது அப்படி வளரும் என்பது லென்ஸ் விற்கிறவருக்குத் தெரியாதா? அதன் பிறகு நான் அனுப்புகிற செய்திகளில் நீலக்குறி விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை.

எங்கள் ஊரில் பல ஆண்டுகளாகக் கேமரா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் டார்ச்சை எடுப்பதற்கு முன்பே மவுன்ட்டின் திருகுகளைக் காட்டினார்; தலைகளில் ஸ்க்ரூடிரைவர் கீறிய தடம். "ஏற்கெனவே தெறந்து தொடச்சிருக்காங்க தம்பி. ஃபங்கஸைத் தொடச்சு எடுக்கலாம், அது தின்ன கோட்டிங்கைத் திரும்பக் கொண்டுவர முடியாது" என்றார். திறந்து பார்த்தார்களா என்பதுதான் நான் கேட்ட மூன்றாவது கேள்வி. இல்லவே இல்லை என்பது அன்று கிடைத்த பதில். பார்த்துச் சொன்னதற்குப் பெரியவர் காசு வாங்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். கடையின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் மின்னஞ்சல் போயிருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் ஒப்புதலும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டியது அவர்கள் கடமை. ஒப்புதல் என்ற பெயரில் எந்திரம் அனுப்பிய இரண்டு வரி வந்தது. பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. 34,500 ரூபாய் எனக்கு ஒன்றரை ஆண்டுச் சேமிப்பு, விட்டுவிடுவதாக இல்லை.

தேர்வுக் குறிப்புகளை விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனமில்லை; சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய லென்ஸை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். கேனான் இ.எஃப். லென்ஸ்களில் கேமராவிலிருந்து கழற்றியதும் அபர்ச்சர் (ஒளி புகும் துளை) முழுதாகத் திறந்தே இருக்கும், ஆகவே பின்புறம் டார்ச் வைத்துப் பார்க்கப் பத்து நொடி போதும்; அந்தப் பத்து நொடியை மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். திருகுத் தலைகளைப் பாருங்கள். வந்த அன்றே வெயிலுக்கு எதிராகப் பத்துப் படம் எடுங்கள், அலமாரியை எடுத்துத் திருப்திப்படாதீர்கள். திருப்பித் தரும் நாள் எதிலிருந்து கணக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 70-200 எஃப்/4 லென்ஸில் ஸ்டெபிலைசர் இல்லாத 705 கிராம் வகையும் உண்டு, பக்கவாட்டில் நான்கு சுவிட்சுக்குப் பதில் இரண்டுதான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். எடைதான் கவலை என்றால் அந்த 375 கிராம் பிளாஸ்டிக் மவுன்ட் லென்ஸைப் புதிதாகவே வாங்குங்கள்.

டார்ச் படங்களும் அந்த வீடியோவும் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். புகாரின் நிலையைக் கேட்க 1915-க்கு மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.