லேபிள் இல்லாத கேனில் வரும் தின்னரை வீட்டுக்குள் விடாதீர்கள்

இரும்புக் கதவுக்கோ ஜன்னல் கிரில்லுக்கோ பெயிண்ட் அடிக்க ஆள் வைக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வையுங்கள். பெயிண்ட் டின்னை எல்லோரும் பார்த்துத்தான் வாங்குகிறோம். சீல் உடைந்திருக்கிறதா, தேதி என்ன, நிறம் கேட்டதுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். அதை இளக்க ஊற்றிக் கலக்கப் போகிற கரைப்பானான தின்னரைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. நான் ஏமாந்தது அங்கேதான்.

வேலை எடுத்தவர் எழுதிக் கொடுத்த பட்டியல்படி எனாமல் பெயிண்ட் ஒரு லிட்டர் டின்னாக நான்கு, அடிப்பூச்சுக்கு ரெட் ஆக்சைடு பிரைமர், பன்றி முடியில் செய்த நல்ல 3 அங்குல பிரஷ் இரண்டு வாங்கி வைத்தேன். பட்டியலில் தின்னர் இல்லையே என்று கேட்டேன். "அது லூசுல வாங்கிக்கலாம் சார், தெரிஞ்ச ஆள் இருக்காரு" என்றார். மறுநாள் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் வந்தது. அதன் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. முன்பு ஒட்டியிருந்த லேபிளைக் கிழித்த பசைத் தடம் மட்டும் இருந்தது, அதில் தூசி படிந்து கறுத்திருந்தது. மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. கேட்டதற்கு, "டர்பன்டைன்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். சரி, தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பெயிண்ட் வேலையில் தின்னராக ஊற்றும் டர்பன்டைன் என்று சொல்வது பெரும்பாலும் மினரல் டர்பன்டைனைத்தான். பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் பழைய டர்பன்டைன் வேறு. மினரல் டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் இரண்டுமே பெட்ரோலியத்திலிருந்து வருபவை, வாடையும் ஓரளவு ஒத்துப்போகும். அதனால்தான் கலப்படம் இவ்வளவு எளிதாக நடக்கிறது. வித்தியாசம் ஆவியாவதில் இருக்கிறது. மினரல் டர்பன்டைன் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியசுக்குள் முழுவதும் கொதித்து முடிந்துவிடும். மண்ணெண்ணெயில் 250 டிகிரியைத் தாண்டியும் கொதிக்கிற கனமான பகுதி உண்டு. பெயிண்ட் படலத்தை விட்டு லேசில் வெளியேறாமல் உள்ளேயே தங்கிக்கொள்வது அந்தப் பகுதிதான்.

கலந்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு வாளியில் அரை டின் பெயிண்டை ஊற்றினார். அதே அளவு தின்னரையும் ஊற்றினார். குச்சியைத் தூக்கினால் பெயிண்ட் கயிறு போல் விழ வேண்டும், அது தண்ணீர் போல் சொட்டியது. டின்னில் பிரஷ் வேலைக்கு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு வரை என்று போட்டிருந்ததை எடுத்துக் காட்டினேன். "அதெல்லாம் கம்பெனிக்காரன் எழுதுறது சார். இப்படிக் கலந்தாத்தான் பிரஷ் ஓடும்" என்றார்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெயிண்டின் கன அளவில் பாதி திடப்பொருள் என்று வைத்துக்கொள்வோம். ஈரமாக 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் அடித்தால் காய்ந்த பிறகு 30 மைக்ரான் நிற்கும். சரிக்குச் சரி தின்னர் ஊற்றிவிட்டால் அதே ஈரத் தடிமனில் 15 மைக்ரான்தான் மிஞ்சும். தண்ணீராக இருக்கும் பெயிண்ட் நேர்க் கம்பியில் அந்த 60 மைக்ரானாகக்கூட நிற்காமல் வழிந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நிறம் வந்துவிடும், அதனால் அடித்த அன்று யாருக்கும் தெரியாது. கிரில்லின் கூரான விளிம்புகளில் ஏற்கெனவே பெயிண்ட் மெலிந்துதான் நிற்கும், துரு முதலில் அங்கேதான் எட்டிப் பார்க்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. அடுத்த மழை முடிவதற்குள் கம்பிகளின் ஓரமெல்லாம் பழுப்புக் கோடு.

நான்கு டின் எங்கே போயின என்பது பிறகுதான் உறைத்தது. காலி டின் இரண்டைத்தான் பார்த்தேன். பாதிக்குப் பாதி தின்னர் ஊற்றினால் இரண்டு டின்னிலேயே வேலை முடிந்துவிடும். மீதி இரண்டும் சீல் உடையாமல் வெளியே போய்விட்டன. தின்னர் மலிவு, பெயிண்ட் விலை அதிகம். எல்லாப் பெயிண்டரும் இப்படி இல்லை, கை சுத்தமான தொழிலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் காலி டின்னை எண்ணி வாங்கிக்கொள்வதில் யாருக்கும் மனவருத்தம் வரத் தேவையில்லை.

கதைக்கு வருகிறேன். ஐந்தாவது நாள் கதவைத் தள்ளியபோது என் கட்டைவிரல் ரேகை அப்படியே அதில் பதிந்தது. எனாமல் பெயிண்ட் ஒரு நாளில் தொடும் பக்குவத்துக்கு வந்திருக்க வேண்டும். வேலை செய்தவரைக் கூப்பிட்டேன். அவர் தின்னர் விற்றவரிடம் கேட்டுவிட்டு இன்னொரு கேனோடு வந்தார். "இது ஸ்பீடு தின்னர், இதுல கலந்து மேல ஒரு கோட்டு ஓட்டிட்டா கீழ இருக்கிறதும் சேர்ந்து காஞ்சிரும்" என்றார்.

நான் மறுத்திருக்க வேண்டிய இடம் இதுதான். அந்தக் கேனில் இருந்தது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர். லாக்கர் வகைப் பெயிண்டுக்கானது அது, மூக்கைத் துளைக்கிற வாடை. எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் கரைப்பான் ஆவியாகும், பிறகு பெயிண்டில் உள்ள எண்ணெய்ப் பகுதி காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். அரைகுறையாக இறுகிய படலத்தின் மேல் என்சி தின்னர் போன்ற வலுவான கரைப்பான் பட்டால் அது ஊறி உப்பிவிடும். அதை அடித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கதவின் நடுத் தகட்டில் பெயிண்ட் முதியவர் புறங்கைத் தோல் போல் சுருங்கிச் சுருங்கி எழுந்தது. விரலால் தொட்டேன், கீழிருந்த பிரைமரையும் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டது. அப்புறம் சுரண்டியும் கம்பி பிரஷும் உப்புத்தாளும் வைத்து வெறும் இரும்பு தெரிகிற வரை தேய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வேலை முழுவதும் என் தலையில்தான் விழுந்தது.

இறுக வைக்கிற ஹார்டனர் என்ற திரவத்தைச் சேர்த்து அடிக்கிற பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் வாங்கியவர்களுக்கு இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. என்சி தின்னரில் பெரும்பாலும் ஆல்கஹால் வகைக் கரைப்பான்கள் சேர்ந்திருக்கும். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் பெயிண்டோடு சேர்வதற்குப் பதிலாக அந்த ஆல்கஹாலோடு சேர்ந்துவிடும். எத்தனை நாள் விட்டாலும் பெயிண்ட் முழுசாக இறுகாது. பியூ பெயிண்டுக்கு அதற்கென்று உள்ள தின்னர், எபாக்சி பிரைமருக்கு அதற்கென்று உள்ள தின்னர். எந்தத் தின்னர் என்று டின்னிலேயே பெயர் போட்டிருப்பார்கள். "எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

பிரஷ் விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நல்ல பிரஷ் ஒழுங்காகக் கழுவினால் வருடக்கணக்கில் உழைக்கும். என் பெயிண்டர் இரண்டையும் என்சி தின்னர் டப்பாவில் தலைகீழாக நிறுத்திவிட்டு இரவு போய்விட்டார். காலையில் எடுத்துப் பார்த்தேன். முடி ஒரு பக்கமாக வளைந்து நின்றுவிட்டது, தகரப் பூணுக்குள் முடியைப் பிடித்திருந்த பசை இளகிப்போய் இழுத்தால் கொத்தாகக் கையோடு வந்தது. அடுத்து அவர் செய்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பிரஷ் கழுவிய அந்தச் சாம்பல் நிறக் கழிவையே பெயிண்ட் வாளியில் ஊற்றப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

எனாமல் பிரஷ்ஷுக்கு இவ்வளவுதான் வேலை: முதலில் பழைய காகிதத்தில் அழுத்தித் துடைத்துப் பெயிண்டை முடிந்தவரை வெளியேற்ற வேண்டும். டப்பா நிறைய தின்னர் ஊற்றி ஒரு தடவை அலசுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தடவை மினரல் டர்பன்டைனில் அலசுவது நல்லது. பூணுக்குப் பக்கத்தில்தான் பெயிண்ட் தங்கும், அங்கே விரலால் பிதுக்கிவிடுங்கள். பிறகு சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். உதறிவிட்டு முடியைச் சீவி, காகிதத்தில் சுற்றித் தொங்கவிட்டால் போதும். கழுவிய டர்பன்டைனை மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வண்டல் அடியில் படியும். மேலே தெளிந்ததை இறுத்து அடுத்த முறை பிரஷ் கழுவவே வைத்துக்கொள்ளலாம், பெயிண்டில் கலக்கக் கூடாது. சாக்கடையில் ஊற்றவும் கூடாது.

இன்னொன்றும் அவசியம் சொல்ல வேண்டும். பெயிண்டர் கை துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் குவித்துவிட்டுப் போயிருந்தார். எண்ணெய் சார்ந்த பெயிண்டும் ஆளி விதை எண்ணெயும் நனைந்த துணி குவியலாகக் கிடந்தால் காற்றோடு சேர்ந்து உள்ளுக்குள் சூடேறும், யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளக்கூடும். ஒவ்வொன்றாக விரித்து வெளியே காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிறைந்த மூடியுள்ள டின்னில் போடுங்கள். குழந்தைகள் ஓடியாடுகிற வீட்டில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

தின்னரைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நல்ல மினரல் டர்பன்டைன் தடம் இல்லாமல் போய்விடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு வட்டம் நெடுநேரம் நிற்கும். பக்கத்தில் நெருப்பு, விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. வாடையை மட்டும் நம்பாதீர்கள், மூக்கை வைத்து முகர்ந்துகொண்டும் இருக்காதீர்கள். மலிவான தின்னர்களில் மெத்தனால் கலப்பது உண்டு. அது உடம்புக்குள் போனால் கண்பார்வையே பறிபோகும்.

சந்தேகம் வந்தால் கேனைத் திருப்பி அனுப்புவதற்கு முன் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் எடுத்து, மூடி, பெயர் எழுதி வையுங்கள். கேனையும் பசைத் தடத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. கோபத்தில் கேன்களைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். தின்னர் விற்றவரிடம் நேரில் போய்க் கேட்டபோது அவர் என் கையைப் பார்த்தார், கையில் ஒன்றுமில்லை. "நான் குடுத்தது நல்ல சரக்குதான். நீங்க அதுல என்ன கலந்தீங்களோ" என்றார்.