பாளையங்கோட்டையில் தோள்பட்டை தசைநாண் மாற்று ஆலோசனை: வடிகட்டல் நன்று, விளக்கம் போதாது

தைத்து ஒட்டவே முடியாத அளவுக்குத் தோள்பட்டை ஜவ்வு கிழிந்தவர்களுக்கு, பக்கத்துத் தசையின் நாணைக் கொண்டுவந்து கட்டும் அறுவை இது. இங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் ஆலோசனைப் பிரிவில் பிடித்த விஷயம், வந்தவரையெல்லாம் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவதில்லை.

ஸ்கேனைப் பார்க்கும் முன்பே சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள். முழங்கையை 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் முழுக்கத் திருப்பி, "அண்ணாச்சி, இப்படியே பிடிச்சுக்கோங்க" என்று விடுகிறார்கள். கை தானாக வயிற்றுப் பக்கம் திரும்பினால், கையை வெளிப்பக்கம் திருப்பும் தோளின் பின்தசைகள் போய்விட்டன. மாற்று நாண் கைகொடுப்பது முக்கியமாக இந்தக் குறைக்குத்தான். அடுத்து உள்ளங்கையால் வயிற்றை அமுக்கச் சொல்கிறார்கள். முழங்கை பின்னால் நழுவினால் தோளின் முன்தசையும் கிழிந்திருக்கலாம். அப்படியிருந்தால் முதுகின் அகலமான தசையான லாட்டிசிமஸின் நாணைப் பின்பக்கம் மாற்றினாலும் பலன் குறைவு. அவசரமான இடங்களில் இந்தச் சோதனையைத்தான் விட்டுவிடுகிறார்கள். தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை செத்திருந்தால் இந்த அறுவை வேண்டாம். தோள் இறுகியிருந்தால் முதலில் பிசியோதெரபி.

எம்ஆர்ஐ அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியும் வேண்டும். தசையில் கொழுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அவர்களே பார்க்கிறார்கள். தசைக்குச் சமமாகவோ அதிகமாகவோ கொழுப்பு இருந்தால், நாணை இழுத்துத் தைத்தாலும் பெரும்பாலும் நிற்காது. எக்ஸ்ரேயில் மேற்கை எலும்பின் தலை மேலேறி, அதற்கும் மேலே உள்ள தோள் எலும்புக்கும் இடையிலான இடைவெளி 7 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருப்பதும் நாள்பட்ட பெரிய கிழிவின் அடையாளம். மூட்டே தேய்ந்த முதியவருக்கு ரிவர்ஸ் மூட்டு மாற்றுதான் (பந்தும் கிண்ணமும் இடம் மாற்றிப் பொருத்தும் செயற்கை மூட்டு) பொருத்தம் என்று நேராகச் சொல்கிறார்கள். சரியான பேச்சு.

கழுத்திலிருந்து முதுகு வரை பரந்த ட்ரபீசியஸ் தசையின் கீழ்ப்பகுதியை மாற்றும் முறையும் இங்கே உண்டு. அதன் இழுப்புத் திசை கிழிந்துபோன பின்தசையோடு ஒத்துப்போகும். ஆனால் நாண் எட்டாது. இடையில் வேறொரு நாணை ஒட்டுப்போட வேண்டும்.

குறை, அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றிய விளக்கத்தில். கையை வெளிப்பக்கம் திருப்பியபடி தாங்கும் பிரேஸ் என்ற பட்டை 6 முதல் 8 வாரம். வலுவூட்டும் பயிற்சி ஏறத்தாழ 3 மாதம் கழித்து. பாரம் தூக்க 6 மாதமோ அதற்கு மேலோ. பனையேறுபவருக்கும் வாழைத்தார் சுமப்பவருக்கும் அது அத்தனையும் கூலியில்லாத காலம். இதை முதல் நாளே சொல்லாமல், தேதி குறித்த பிறகு சொல்வது நியாயமில்லை. மாற்றிய தசைக்குப் புதிய வேலையைப் பழக்காவிட்டால் அறுவையே வீண். பிரேஸோடு அம்பாசமுத்திரம் பஸ்ஸில் இடிபட்டு வாரம் இரண்டு முறை வர யாரால் முடியும்? உள்ளூர் பிசியோதெரபிஸ்ட்டுக்கு வாரவாரியான பயிற்சித் தாளைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தருகிறார்கள்.